ஹல்லபலூ என்றால் என்ன, அம்மிணி

ஹனூர்
14-11-94

அம்மிணி ரூபாவுக்கு அத்தை ராமக்காள் எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் மாமனார், மாடு கன்று எல்லாம் சுகம். மாதேஸ்வரன் புண்ணியத்தில் மைசூரில் நீயும் என் மகன் காளிதாஸும் பேத்தி தாரணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

தீபாவளிக்கு உங்களோடு இருந்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு வாய் ஓயவில்லை. கொள்ளேகால் வரைக்கும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் தாரணி கதைதான். உங்கள் அக்ரஹாரத்தில் எதிர்வீட்டுக்காரர் அத்தனை நீளச் சரம் கொளுத்தினாரே, எனக்கே காது அடைத்துப் போனது. தெரு நாய்கள் ஓடி ஒளிந்தன. என் பேத்தி தொட்டிலில் இமைகூட அசைக்காமல் தூங்கினாள். ஒன்றேகால் வயசில் இந்தத் தைரியம் யாருக்கு வரும்? பக்கத்து வீட்டு மாதேவியிடமும் சொன்னேன். "அது உன்னையாட்டமே வரும், அக்கா. உனக்கும் யார் என்ன சொன்னாலும் காதுல ஏறாது" என்றாள். அவளுக்குப் பொறாமை.

தை பிறந்ததும் நம் குலதெய்வக் கோயிலில் தாரணிக்குக் காது குத்திவிட வேண்டும். சிவப்புக் கல் வைத்த கம்மல் ஆசாரியிடம் சொல்லிச் செய்து பெட்டியில் வைத்துவிட்டேன். உன் அண்ணனிடம் இப்போதே சொல்லி வை. குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும்.

ஒரு சந்தேகம். உன் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் சுலோசனாம்மா வீட்டுக்கு வந்தபோது, "தீபாவளி என்றாலே ஒரே ஹல்லபலூ" என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்ததால் நானும் சிரித்துவிட்டேன். ஹல்லபலூ என்றால் என்ன, அம்மிணி? பலகாரமா? கொள்ளேகால் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தபோது ஐந்தாவது வரைக்கும் தமிழில் படித்தவள் நான். டிக்டேஷனில் வகுப்பிலேயே முதல். அர்த்தம் தெரியாத வார்த்தைக்குச் சிரித்து வைத்தோமே என்று மனசுக்குள் அரித்துக்கொண்டே இருக்கிறது.

குழந்தைக்குச் சுற்றிப் போடு. பஸ்ஸில் நான் பேசியதில் கண் பட்டிருக்கும்.

உன் பதிலைப் பார்த்திருக்கும் அத்தை,
ராமக்காள்


மைசூர்
28-11-94

மதிப்புக்குரிய அத்தைக்கும் மாமாவுக்கும் ரூபாவின் வணக்கம். நாங்கள் நலம். மாமாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? என் தமிழ் அப்பா வீட்டில் சொல்லிக்கொடுத்தது. பள்ளியில் படித்ததெல்லாம் கன்னடமும் இங்கிலீஷும்தான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மேல் உங்களுக்கு இருக்கும் அக்கரைக்கு மிகவும் நன்றி.

ஹல்லபலூ பலகாரம் இல்லை, அத்தை. ஆளாளுக்குக் கத்திக் கூச்சல் போட்டு எல்லாம் குழம்பிக் கிடந்தால் அதுதான் ஹல்லபலூ. இங்கிலீஷில் இது மாதிரி விளையாட்டுச் சொற்கள் நிறைய இருக்கின்றன. ஆண்டு விழாவுக்குச் சுவரில் ஒட்டுவதற்கு, அவை எங்கிருந்து வந்தன என்று ஒரு சார்ட் எழுதச் சொல்லியிருக்கிறார் சுலோசனா மிஸ். ஹர்லி பர்லி என்று ஒன்று. ஹர்லி பழைய இங்கிலீஷில் சந்தடி என்ற அர்த்தம் உள்ள சொல்லிலிருந்து வந்தது. பர்லிக்கு அர்த்தமே கிடையாது. ஜோடிக்காகச் சேர்த்தது. ஹெல்டர் ஸ்கெல்டர் என்றால் தலைதெறிக்க ஓடுவது. ஓடுகிற காலடிச் சத்தமே சொல்லாகிவிட்டது என்கிறார்கள், நிச்சயமாக யாருக்கும் தெரியாது. ஹல்லபலூ எங்கிருந்து வந்தது என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

தை மாதம் பள்ளியில் வேலை அதிகம். காது குத்துவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாமா?

தாரணி நன்றாக விளையாடுகிறாள்.

அத்தை, அவர் குழந்தையாக இருந்தபோது எப்போது பேச ஆரம்பித்தார்? பேர் சொல்லிக் கூப்பிட்டால் எத்தனை மாதத்தில் திரும்பிப் பார்த்தார்? சும்மாதான் கேட்கிறேன்.

தங்கள் அன்பு மருமகள்,
ரூபா


ஹனூர்
8-12-94

அம்மிணி ரூபாவுக்கு அத்தையின் ஆசி. மாமனார் வலி குளிருக்கு ஏறுகிறது, வெயிலுக்கு இறங்குகிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை. மைசூரில் குளிர் அதிகம் என்று ரேடியோவில் சொன்னார்கள். குழந்தையின் காதை மூடிக் குல்லாய் போடு.

முதலில் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. 'அக்கரை' என்று சின்ன ர போட்டிருக்கிறாய். அக்கரை என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாசத்துக்குப் பெரிய ற போட வேண்டும். சின்ன ர போட்டால் நீ ஆற்றைத் தாண்டிப் போய்விடுகிறாய்.

ஹர்லி பர்லி எனக்குப் புரிந்தது. நம்மிடம் அமளிதுமளி இல்லையா? அல்லோலகல்லோலம் இல்லையா? அமளிக்கு அர்த்தம் உண்டு, துமளி எங்கிருந்து வந்தது என்று உன் மாமனாரைக் கேட்டேன். "அமளிக்குத் தங்கச்சி" என்றார். ஹல்லபலூவைப் பற்றி நானும் விசாரித்தேன். நம் பஸ் கண்டக்டர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். "ஹல்லான்னா இந்தியில சண்டைக்குப் பாயறது. பாலுன்னா கரடி. கரடி பாய்ஞ்சா ஊரு என்ன ஆகும்? அதுதானுங்க" என்றார். போஸ்ட்மாஸ்டர் அதெல்லாம் இல்லை, யாரோ ஒரு வெள்ளைக்காரன் பேர் என்கிறார். எனக்குத் தலை சுற்றுகிறது. நீ நல்ல புத்தகம் பார்த்துச் சொல்.

காளிதாஸைப் பற்றிக் கேட்டாயே. அவன் பெரிய கோழை. அடுக்களையில் ஒரு தம்ளர் உருண்டால் வீரிட்டு அழுவான். தவழுகிற வயசிலேயே, "காளி" என்றால் பொம்மையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். ஒரு வயசில் அம்மா, அப்பா, காக்கா எல்லாம் வந்துவிட்டது. தாரணிதான் அழுத்தக்காரி. நான் கூப்பிட்டால்கூடத் திரும்பவில்லையே. பெரிய ஆபீசர் ஆவாள். இப்போது "அப்பத்தா" என்கிறாளா?

தை மாதம் வேலை என்கிறாய். மாசியில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் தள்ளக் கூடாது.

பேத்தியின் கன்னத்தைக் கிள்ளி முத்தமிடும்,
ராமக்காள்


மைசூர்
20-1-95

அத்தைக்கும் மாமாவுக்கும் வணக்கம். பொங்கலுக்கு எழுத முடியவில்லை. நீங்கள் அனுப்பிய அவரைக்காயும் கரும்பும் வந்து சேர்ந்தன.

வீட்டில் ஒரே ஹப்பப், அத்தை. பள்ளிக்கு லீவு போட்டிருக்கிறேன். அவர் ஷிப்டு முடிந்து வந்ததும் தட்டு, தம்ளர், சொம்பு எல்லாவற்றையும் தாரணிக்குப் பின்னால் நின்று தட்டிக்கொண்டே இருக்கிறார். நிறுத்தச் சொன்னால் கேட்கவில்லை. என்ன விசேஷம் என்று பக்கத்து வீட்டார் வந்து விசாரித்தார்கள். காபி கொடுத்து அனுப்பினேன்.

விவரமாகப் பிறகு எழுதுகிறேன். தயவுசெய்து எங்கள் மேல் கோபம் வேண்டாம்.

ரூபா


ஹனூர்
2-2-95

ரூபாவுக்கு ராமக்காள் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே சுகத்துக்குக் குறைவு இருக்காது.

ஹப்பப் என்றால் என்ன என்று நான் இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. ஹனூரில் இத்தனை வருஷம் கன்னடத்துக்காரர்களோடு வாழ்கிறவளுக்கு ஹப்ப என்றால் பண்டிகை, விசேஷம் என்று தெரியாதா? வீட்டில் ஹப்ப. மேளம் இல்லாத குறைக்கு என் மகன் தட்டைத் தட்டுகிறான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்க்கிறார்கள். என்ன ஹப்ப என்று மட்டும் விளங்காமல் இருந்தது. மாதேவி வந்து விளக்கினாள்.

அவள் தன் தங்கை வீட்டுக்கு மைசூர் வந்திருந்தாள். டவுன் பஸ்ஸுக்கு நிற்கும்போது உன்னைப் பார்த்திருக்கிறாள். "உன்ற மருமக குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு நின்னா, அக்கா. எங்க போயிட்டு வர்றன்னு கேட்டேன். காதுக்குப் போயிட்டு வர்றோம்னா. குழந்தை காதுல பஞ்சு வெச்சிருந்துச்சு. அதுக்குள்ள பஸ் வந்துருச்சு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உனக்குச் சொல்லலியா?" என்றாள். நான், "சொன்னாங்க, எனக்குத்தான் உடம்பு சரியில்லை, போகல" என்று பொய் சொன்னேன். இந்த வயசில் மாதேவியிடம் பொய் சொல்ல வைத்தாய்.

காது குத்த ஊரில் ஆசாரி இல்லையா, கோயில் இல்லையா? உன் அண்ணன் மடியில்தான் உட்கார்ந்தாளா, அல்லது அவருக்கும் சொல்லவில்லையா? எந்தக் கம்மல் போட்டாய்? நான் செய்து வைத்தது இங்கே பெட்டியில் இருக்கிறது. படித்தவர்கள், பட்டணத்தில் இருப்பவர்கள். ஐந்தாவது படித்த கிழவி எதற்கு என்று நினைத்துவிட்டீர்கள். அக்கரைக்குச் சின்ன ர போட்டது சரிதான் போலிருக்கிறது.

உன் மாமனார் உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

ராமக்காள்


மைசூர்
11-2-95

அம்மாவுக்குக் காளிதாஸ் எழுதுவது. நலம், நலமறிய ஆவல். அப்பாவுக்குத் தைலம் தீர்ந்திருந்தால் சொல், அனுப்புகிறேன்.

காது குத்தவில்லை, அம்மா. ஹப்பப் என்றால் ஹப்ப இல்லை. பல பேர் ஒரே நேரத்தில் பேசுகிற இரைச்சலாம். எனக்கே ரூபா சொல்லித்தான் தெரியும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அவள் சாப்பிடவில்லை. அவளைத் திட்டாதே. அவள் எழுதுவாள். எனக்கு எழுத வரவில்லை.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

உன் மகன்,
காளிதாஸ்


ஹனூர்
1-3-95

அம்மிணி ரூபாவுக்கு அத்தை எழுதுவது. சாப்பிடாமல் இருக்காதே. இங்கே மாமனார் நடமாடுகிறார்.

காளிதாஸ் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். காது குத்தவில்லை என்றால் காதில் பஞ்சு எதற்கு? விசேஷம் இல்லை என்றால் தட்டைத் தட்டுவது எதற்கு? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒன்று மட்டும் கவனித்தேன். அவன் கடிதத்தில் தாரணி பேரே இல்லை. அப்பாவின் தைலம் இருக்கிறது, பேத்தி இல்லை. உன் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். "தாரணி நன்றாக விளையாடுகிறாள்." அவ்வளவுதான். பெற்றவள் பிள்ளையைப் பற்றி ஒரே வரியில் எழுதுவாளா?

நேற்று மாதேவி தன் பேரனைக் கொண்டுவந்து என் வாசலில் விட்டாள். தாரணி வயசுதான். கூரை மேல் காக்கை கத்தியது. அவன் மேலே பார்த்தான். உன் மாமனார் உள்ளே இருமினார். அவன் கதவைப் பார்த்தான். நான் முறத்தைக் கீழே வைத்தேன், அதற்கும் என்னைப் பார்த்தான். முறத்தை எடுத்து மறுபடி வைத்தேன், மறுபடியும் பார்த்தான். எதற்கு அப்படிச் செய்தேன் என்று எழுதத் தெரியவில்லை.

இனிமேல் இங்கிலீஷ் வேண்டாம், அம்மிணி. குழந்தைக்கு என்ன என்று தமிழில் எழுது.

அத்தை


மைசூர்
20-3-95

அத்தைக்கு வணக்கம். உங்களுக்கும் மாமாவுக்கும் உடம்பு நன்றாக இருக்க வேண்டும். இதைப் படிக்கும்போது மாமாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

தாரணிக்குக் காது கேட்கவில்லை.

இங்கே மானசகங்கோத்ரி யுனிவர்சிடி பக்கத்தில் காதுக்கும் பேச்சுக்கும் என்றே ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கேதான் போய் வருகிறோம். மாதேவி அக்கா கேட்டபோது "காதுக்கு" என்று சொன்னது அதைத்தான். காது கேட்க மாட்டுகிற மெஷினுக்கு அளவு எடுக்கக் காதுக்குள் ஏதோ மாவு போல வைத்து எடுத்தார்கள். அதற்குத்தான் பஞ்சு. ஒரு அறை இருக்கிறது, சுவரெல்லாம் மெத்தை மாதிரி. என் மடியில் தாரணி, அவள் கையில் ஒரு பொம்மை. பின்னால் நின்று மத்தளம் தட்டினார்கள். எனக்கு நெஞ்சு அதிர்ந்தது. அவள் பொம்மையின் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

தீபாவளி அன்று எதிர்வீட்டில் சரம் வெடித்தபோது நீங்கள் சந்தோஷமாகச் சிரித்தீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றிலிருந்தே எனக்குப் பயம். பஸ்ஸில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னதாக எழுதினீர்கள். அதைப் படித்த பிறகு நான் என்ன எழுத முடியும்? அதனால்தான் ஹர்லி பர்லி, ஹெல்டர் ஸ்கெல்டர் என்று எழுதிக்கொண்டிருந்தேன். அவர் நம்பவில்லை. ஒரு நாளாவது திரும்பிப் பார்ப்பாள் என்று தட்டிக்கொண்டே இருந்தார். இப்போதும் சில நாள் தட்டுகிறார்.

நெஞ்சில் மாட்டுகிற ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒயர். அப்படி ஒரு மெஷின் தருவார்கள். அதைப் போட்டால் கொஞ்சம் சத்தம் தெரியலாம். நாம் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, நம் வாயை அவள் பார்க்கிற மாதிரி, ஓயாமல் பேச வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். கேட்காத குழந்தையிடம் எப்படிப் பேசுவது என்று நான் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஹல்லபலூ கேட்டிருந்தீர்கள். சுலோசனா மிஸ்ஸின் பெரிய அகராதியில் பார்த்தேன். நிச்சயமில்லை என்றுதான் போட்டிருக்கிறது. தூரத்தில் இருப்பவரைக் கூவி அழைக்கிற சத்தம் முதல் பாதியாக இருக்கலாமாம். பாலூ என்று ஸ்காட்லாந்தில் தாய்மார்கள் குழந்தையைத் தூங்கவைக்கப் பாடுவார்களாம், நம் ஆராரோ மாதிரி. அது இரண்டாவது பாதியாக இருக்கலாமாம். அதைப் படித்த பிறகு சார்ட்டில் என்னால் மேலே எழுத முடியவில்லை. நானும் அவளைக் கூவி அழைத்திருக்கிறேன், தாலாட்டும் பாடியிருக்கிறேன். எதுவும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

உங்களுக்குக் கோபம் இருந்தால் நேரில் வந்து என்னைத் திட்டுங்கள். அவள் முன்னாலேயே திட்டலாம். அவளுக்குக் கேட்காது.

உங்கள் அக்கறைக்குக் காத்திருக்கும்,
ரூபா


மைசூர்
25-4-95

அத்தைக்கும் மாமாவுக்கும் வணக்கம். நாங்கள் நலம்.

போன கடிதம் கிடைத்ததா? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. மெஷின் அடுத்த மாதம் கிடைக்கும். அவர் தினமும் ஷிப்டு முடிந்து வந்ததும் கடிதம் வந்ததா என்றுதான் முதலில் கேட்கிறார்.

மாமாவுக்கு உடம்பு சரியில்லையா? உங்களுக்கா? ஒரு வரி எழுதினால் போதும்.

ரூபா


ஹனூர்
6-5-95

அம்மிணி ரூபாவுக்கு அத்தை ராமக்காள் ஆயிரம் முறை நலம் விசாரித்து எழுதுவது. மாமனார் கிணற்றடி வரைக்கும் போய் வருகிறார். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

இரண்டு கடிதமும் வந்தன. இன்லேண்ட் வாங்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன். பேனாவைத் திறப்பேன், மூடுவேன். ஐந்தாவதில் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளில் இதற்கு ஒன்றும் அகப்படவில்லை. 'அக்கறை' சரியாக எழுதியிருந்தாய். அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகையே வந்தது.

பிப்ரவரியில் நான் எழுதின கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு.

மாதேவியிடம் நானே போய்ச் சொன்னேன். யார் யாரிடம் பெருமையாகச் சொன்னேனோ அவர்களுக்கு என் வாயால்தான் இதுவும் தெரிய வேண்டும். "பட்டாசுக்கு அசையலைன்னு சொன்னனே, அவளுக்குக் காது கேக்கறதில்லை" என்றேன். "அய்யோ பாவம்" என்று ஆரம்பித்தாள். "பாவம் கீவம்னு சொல்லிக்கிட்டு இந்த வாசல்ல வராத" என்றேன். சொன்ன பிறகுதான் தோன்றியது, ஹர்லிக்குப் பர்லி மாதிரி பாவத்துக்குக் கீவம். உன் சார்ட்டில் இதையும் எழுதலாம். மாதேவி கோபித்துக்கொண்டு போனாள். பொழுது சாயக் கீரையோடு வந்தாள்.

அழுத்தக்காரி, ஆபீசர் ஆவாள் என்று எழுதினேனே, அதை நான் மாற்றிக்கொள்வதாக இல்லை.

காளிதாஸைத் தட்டுவதை நிறுத்தச் சொல். சீதனத் தட்டு நசுங்கிவிடும். கேட்காத குழந்தையிடம் எப்படிப் பேசுவது என்று நீ டாக்டரம்மாவைக் கேட்காமல் வந்ததாக எழுதியிருக்கிறாய். பேசுகிற ஆள் வேண்டும் என்றால் என்னை அல்லவா கூப்பிட வேண்டும்? கொள்ளேகால் வரைக்கும் பஸ்ஸில் யாரென்றே தெரியாதவளிடம் பேசினவள் நான். அவளும் ஒன்றும் பதில் சொல்லவில்லை. நான் நிறுத்தினேனா? பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை உன் மாமனாரை மாதேவி வீட்டுச் சாப்பாட்டில் விட்டுவிட்டு வருகிறேன். தாரணியை எதிரே உட்காரவைத்துப் பேசுவேன். மடியில் போட்டு ஆராரோவும் பாடுவேன். வாயைப் பார்க்கட்டும். நெஞ்சில் சாய்த்துக்கொண்டால் உள்ளே அதிர்வதாவது தெரியும். கூப்பாடு பாதி, தாலாட்டு பாதி என்று எழுதினாயே, அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் குழப்பம்தான். கரடி என்று கண்டக்டர் சொன்னதைவிட இது நன்றாக இருக்கிறது.

நெஞ்சில் பெட்டி மாட்டுவார்கள் என்றாயே, எத்தனை பெரியது? தீப்பெட்டி அளவா, வெற்றிலைப் பெட்டி அளவா? தெரிந்தால் பை வைத்துக் கவுன் தைத்துக்கொண்டு வருவேன். ஒயர் வெளியே தெரிந்தால் தெரியட்டும். கவுன் நல்ல சிவப்பில் இருக்க வேண்டும், கம்மல் கல்லுக்குப் பொருந்தும்.

ஆவணியில் காது குத்துகிறோம். இதை இனித் தள்ள முடியாது. குத்தும்போது வீரிட்டு அழுவாள், அழட்டும். ஊருக்கெல்லாம் கேட்கும். நம் வீட்டில் நடக்கிற முதல் ஹல்லபலூ அதுதான். உன் அண்ணனுக்குச் சொல்லிவிடு. மெஷின் மாட்டுகிற காதில் கம்மலுக்கும் இடம் இருக்குமா என்று மட்டும் டாக்டரம்மாவிடம் கேட்டு வை.

தாரணியின் அப்பத்தா,
ராமக்காள்